வெளியேறும் விலை

பங்கை வாங்கிச் சில நிமிடங்களிலோ, சில நாட்களிலோ, அதிகம் போனால் ஐந்தாறு வாரங்களிலோ விற்றுவிடுவது குறுகிய கால வர்த்தகம். கம்பெனி வளர்ந்து, லாபம் பெருகி, அதன் பலனாக விலை ஏறும்வரை காத்திருக்கும் வேலை இதில் இல்லை. விலையின் அசைவே இங்கு சரக்கு. அன்று வாங்கியதை அன்றே விற்பதும், அன்று விற்றதை அன்றே திரும்ப வாங்குவதும் இன்ட்ராடே என்னும் தின வர்த்தகம். இன்று வாங்கி நாளை விற்பதை பிடிஎஸ்டி என்பார்கள். பங்கை டிமேட் கணக்கில் டெலிவரி எடுத்து வைத்துக்கொண்டு, ஓர் ஏற்றத்தின் நடுப்பகுதியை மட்டும் பிடித்துவிட்டு வெளியேறுவது ஸ்விங். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் அடங்கிய எஃப் அண்ட் ஓ தனி உலகம்.

இந்தத் தொழிலின் வேகத்தைக் கணக்குத் தீர்க்கும் நாள்தான் தீர்மானித்து வந்திருக்கிறது. 2001 வரை இந்தியச் சந்தைகளில் வாரக் கணக்கு. மும்பைப் பங்குச் சந்தையில் திங்கள் முதல் வெள்ளி வரையும், தேசியப் பங்குச் சந்தையில் புதன் முதல் செவ்வாய் வரையும் வாங்கியதையும் விற்றதையும் கழித்து மிச்சத்துக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். அதுவும் முடியாவிட்டால் பத்லா வட்டி கொடுத்து அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாம். குறுகிய காலம் என்றால் அன்றைக்கு ஒரு வாரம். 2001-ல் நடந்த முறைகேட்டுக்குப் பிறகு அந்த ஜூலையில் பத்லா தடை செய்யப்பட்டு, ஒவ்வொரு நாள் வர்த்தகத்துக்கும் தனிக் கணக்கு வந்தது. முதலில் ஐந்து வேலைநாள், 2002-ல் மூன்று, 2003-ல் இரண்டு, 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் ஒரே நாள். சென்னை செகண்ட் லைன் பீச்சில் 1937 முதல் இயங்கிய மெட்ராஸ் பங்குச் சந்தைக்கு இந்த வேகத்தில் இடமில்லாமல் போய், 2015-ல் அங்கீகாரத்தை ஒப்படைத்து வெளியேறியது. கோயம்புத்தூருக்கென்று ஒரு பங்குச் சந்தை இருந்ததே இன்று செல்போனில் ஆர்டர் போடும் பையன்களுக்குத் தெரியாது.

கடன் வசதி மட்டும் வேறு உருவில் தொடர்ந்தது. இன்ட்ராடேவுக்குக் கையிருப்பைப் போல் இருபது மடங்கு, முப்பது மடங்குக்கு வாங்க அனுமதித்த புரோக்கர்கள் உண்டு. 2020 டிசம்பரில் தொடங்கி 2021 செப்டம்பரில் முழுமையடைந்த, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் உச்ச மார்ஜின் விதி அதை ஏறக்குறைய ஐந்து மடங்கில் நிறுத்திவிட்டது. அப்போது வர்த்தகர்கள் செபியைத் திட்டாத நாளில்லை. இருபது மடங்கில் விலை ஐந்து சதவீதம் எதிராகப் போனால் முதலே காலி என்பதை நினைத்தால், திட்டியவர்களில் பலருக்கு அந்த விதி உதவியே செய்திருக்கிறது.

தனிநபர்கள் இந்தத் தொழிலில் எப்படி இருக்கிறார்கள் என்பதற்குச் செபியே கணக்கு எடுத்து வெளியிட்டிருக்கிறது. பங்குகளில் இன்ட்ராடே செய்பவர்களைப் பற்றி 2024 ஜூலையில் வந்த ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு நஷ்டம். ஆண்டுக்கு 500 தடவைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் இது 80 சதவீதம். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 76 சதவீதம். அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு: நஷ்டப்பட்டவர்கள் தங்கள் வர்த்தக நஷ்டத்துக்கு மேல், அதில் 57 சதவீதத்துக்குச் சமமான தொகையைச் செலவாகவும் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பார்பர், ஓடீன் என்ற இரு பேராசிரியர்கள் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தபோதும் இதே கதைதான். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் கொடுத்த காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். ஊர் வேறு, காலம் வேறு, வியாதி ஒன்று.

அதனால் எந்த உத்தியைப் பேசுவதற்கு முன்பும் செலவைப் பேசியாக வேண்டும். மாலையில் புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர்கள் குறைவு. ஒரு வர்த்தகத்தை எடுத்துக்கொள்ளலாம். 400 ரூபாய்ப் பங்கில் 500 வாங்கி, அன்றே 402-க்கு விற்றாகிவிட்டது. லாபம் 1,000 ரூபாய். டிஸ்கவுன்ட் புரோக்கர் ஆர்டருக்கு 20 வீதம் 40 ரூபாய் எடுக்கிறார். விற்ற 2,01,000 ரூபாய்க்கு 0.025 சதவீதப் பங்குப் பரிவர்த்தனை வரி 50 ரூபாய் 25 காசு. வாங்கியதற்கு 0.003 சதவீத முத்திரைக் கட்டணம் 6 ரூபாய். சந்தைக் கட்டணம் ஏறக்குறைய 12 ரூபாய், செபி கட்டணம் சில காசுகள், புரோக்கரேஜும் கட்டணங்களும் சேர்ந்த தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 9 ரூபாய் சொச்சம். ஆக 118 ரூபாய். பங்குக்கு 24 காசு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் உள்ள ஐந்து பத்துக் காசு இடைவெளி இதில் எழுதப்படாத செலவு.

118 ரூபாய் பெரிதாகத் தெரியாது. ஐந்து மடங்கு வசதியில் இந்த 2 லட்ச ரூபாய் வர்த்தகத்தைச் செய்ய 40,000 ரூபாய் முதல் போதும். நாளுக்கு நான்கு வர்த்தகம், மாதம் இருபது நாள் என்றால் 9,440 ரூபாய். அதாவது லாப நஷ்டமே இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்தாலும் முதலில் 23 சதவீதத்துக்கு மேல் மாதாமாதம் கரைகிறது. கந்துவட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் செய்பவரின் நிலைமை இதைவிட மோசமில்லை. வர்த்தகத்தின் எண்ணிக்கையைக் குறைப்பதே தனிநபர் கையில் இருக்கும் முதல் உத்தி. அதை எந்தப் பயிற்சி வகுப்பும் விற்பதில்லை.

ஸ்விங்கில் கணக்கு வேறு மாதிரி. டெலிவரிக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீத வரி, முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம். மேற்சொன்ன அதே 500 பங்குக்கு, புரோக்கரேஜ் இல்லாவிட்டாலும், டிமேட் கட்டணம் சேர்த்து 460 ரூபாய்ப் பக்கம் வரும். செலவு கூடுதல்தான், ஆனால் ஸ்விங் வர்த்தகர் மாதத்துக்கு நாலைந்து தடவைதான் இதைக் கட்டுகிறார், ஐந்து முதல் பத்து சதவீத அசைவுக்குக் குறி வைக்கிறார். ஒரு சதவீதத்துக்காக டெலிவரி எடுப்பவர் கால் பங்கைச் செலவுக்குக் கொடுத்துவிடுகிறார்.

செலவுக்கு அடுத்தது அளவு. கோவையில் ஒரு சப் புரோக்கர் ஆபீஸில், டெர்மினல்களுக்குப் பின்னால் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் கூவி வாங்கி விற்ற ரிங் காலத்துப் பெரியவர் ஒருவர் தினமும் உட்கார்ந்திருப்பார். இளைஞர்கள் ஏதாவது பங்கைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டால் அவருடைய பதில் ஒன்றுதான்: "எவ்வளவுக்கு வாங்குனீங்கன்னு சொல்றீங்க, எவ்வளவுக்கு வெளிய வருவீங்கன்னு சொல்லவே இல்லீங்களே தம்பி." கேட்டவர்களுக்கு அது கிண்டலாகப் பட்டது. இதை எழுதுபவருக்கும் சில வருடம் அப்படித்தான் பட்டது. நஷ்டத்தில் வெளியேறும் விலை தெரியாமல் எத்தனை பங்கு வாங்குவது என்று கணக்கே போட முடியாது என்பது பிறகுதான் விளங்கியது.

கணக்கு எளிது. ஒரு வர்த்தகம் தவறினால் மொத்த முதலில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வது வழக்கம். முதல் 3 லட்சம் என்றால் 3,000 ரூபாய். 400-க்கு வாங்கி 385 உடைந்தால் வெளியே என்று முடிவானால், பங்குக்கு 15 ரூபாய் ஆபத்து. 3,000-ஐ 15-ஆல் வகுத்தால் 200 பங்கு. வெளியேறும் விலை 394 என்றால் 500 பங்கு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு எத்தனை வருமோ அத்தனை வாங்கிவிட்டு, பிறகு நஷ்டத்தில் வெளியேறும் விலையான ஸ்டாப்லாஸை எங்கே போடுவது என்று யோசிக்கிறார்கள்.

ஒரு சதவீதம் எதற்கு என்றால் வரிசையாக வரும் நஷ்டங்களுக்கு. பத்தில் நான்கு தடவை ஜெயித்து, ஜெயிக்கும்போது இரண்டு மடங்கு லாபமும் தோற்கும்போது ஒரு மடங்கு நஷ்டமும் என்று இருக்கும் முறை நல்ல முறை. செலவு போக மிச்சம் பிடிக்கும். ஆனால் அதே முறையில் நூறு வர்த்தகத்துக்குள் ஆறு நஷ்டம் அடுத்தடுத்து வருவது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். பத்து நஷ்டம் வரிசையாக வந்தாலும், ஒரு சதவீத அளவில் முதலில் பத்தில் ஒரு பங்குகூட முழுதாகப் போகாது. ஐந்து சதவீத அளவில் 40 சதவீதம் போய்விடும். பழைய நிலைக்குத் திரும்ப மிச்சத்தில் 67 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். பத்து சதவீத அளவில் மூன்றில் இரண்டு பங்கு காலி.

1983-ல் சிகாகோவின் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற வர்த்தகர், வர்த்தகம் சொல்லிக்கொடுத்தால் வருமா என்ற விவாதத்தில் சிலரைச் சேர்த்துப் பயிற்சி தந்தார். ஆமைகள் என்று பேரெடுத்த அந்தக் குழுவின் வாங்கும் விதி எல்லோருக்கும் மனப்பாடம்: இருபது நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்கு, பத்து நாள் தாழ்வை உடைத்தால் வெளியேறு. அவர்கள் அளவு போட்ட விதம்தான் உண்மையான சரக்கு. ஒரு பொருள் ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடும் என்பதை அளந்து, அதிகம் ஆடுவதைக் கொஞ்சமாகவும் குறைவாக ஆடுவதை அதிகமாகவும் வாங்கினார்கள். அந்தச் சராசரி ஆட்டத்தை ஏடிஆர் என்ற பெயரில் இன்று எந்த விளக்கப்படச் செயலியும் காட்டும். வெல்ஸ் வைல்டர் 1978-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த அளவை அது.

இனி வாங்கும் முறைகள். பழையதும் தனிநபருக்கு அதிகம் பொருந்துவதும் பெட்டி உடைப்பு. ஹங்கேரியில் பிறந்த நடனக் கலைஞர் நிக்கோலஸ் டார்வஸ், ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்க்கொண்டே தந்தியில் விலை வரவழைத்து வர்த்தகம் செய்தவர். 1960-ல் அவர் எழுதிய புத்தகத்தால் இந்த முறை பரவியது. ஒரு பங்கு சில வாரங்களாக ஒரு மேல்விலைக்கும் கீழ்விலைக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்தால் அது பெட்டி. மேல்விலையை, வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வால்யூமோடு தாண்டி முடிந்தால் வாங்கலாம். வால்யூம் இல்லாத உடைப்பு பெரும்பாலும் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வந்து விழும்.

இதை எழுதுபவரின் வர்த்தக நோட்டில் ஒரு சிமென்ட் பங்கு இருக்கிறது. ஏழு வாரம் 372-க்கும் 398-க்கும் இடையில் கிடந்தது. ஒரு நாள் மூன்று மடங்கு வால்யூமில் 401-ல் முடிந்தது. மறுநாள் 404-ல் 200 பங்கு, ஸ்டாப்லாஸ் 389. மூன்றாவது வாரம் 434 வந்தபோது 100 பங்கு விற்பனை. ஆபத்தின் இரட்டிப்பு அங்கே கைக்கு வந்துவிட்டது. மிச்சம் 100 பங்குக்கு ஸ்டாப்லாஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றியதில் 447-ல் வெளியேற்றம். மொத்தம் 7,300 ரூபாய், செலவு போக 7,080. விற்ற பிறகு அந்தப் பங்கு 490 வரை போனது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பெட்டி உடைப்பில் விலை ஏறிய பிறகு வாங்குவதால் மனம் ஒப்பாதவர்களுக்கு இறக்கத்தில் ஏறும் முறை உண்டு. மேல்நோக்கிப் போகும் பங்கு மூச்சு வாங்கி இருபது நாள் சராசரி விலைக்கோட்டுப் பக்கம் இறங்கும். அங்கே இறக்கம் நின்று, முந்தைய நாள் உச்சத்தைத் தாண்டும் நாளில் வாங்குவது. ஸ்டாப்லாஸ் அந்த இறக்கத்தின் அடியில். ஐம்பது நாள் கோடும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். அது படுத்துக்கிடந்தால் இந்த முறை வேலை செய்யாது.

இன்ட்ராடேவில் பரவலாகப் புழங்குவது முதல் கால் மணி முறை. சந்தை 9:15-க்குத் திறக்கிறது. அதற்கு முன் ஒன்பது மணிக்கே தொடங்கும் முன் அமர்வில் தொடக்க விலை முடிவாகிவிடும். 9:15 முதல் 9:30 வரை உள்ள உச்சத்தையும் தாழ்வையும் குறித்துக்கொண்டு, உச்சம் உடைந்தால் வாங்கி, தாழ்வை ஸ்டாப்லாஸாக வைப்பார்கள். தாழ்வு உடைந்தால் நேர்மாறாக. அன்றைய சராசரி வர்த்தக விலையான விவாப்புக்கு மேலே இருந்தால்தான் வாங்குவது என்று ஒரு வடிகட்டியும் சேர்ப்பதுண்டு. ஒரே திசையில் போகும் நாட்களில் இந்த முறை அள்ளிக் கொடுக்கும். பெரும்பாலான நாட்கள் அப்படிப் போவதில்லை. பதினொன்றரை மணியிலிருந்து சந்தை தூங்கும். ஐரோப்பா திறக்கும் மதிய நேரத்தில் திரும்ப அசையும். மூன்றே காலை நெருங்கும்போது புரோக்கரின் கம்ப்யூட்டர் முடிக்காத பொசிஷன்களைத் தானே ஸ்குயர் ஆஃப் செய்யத் தொடங்கிவிடும், அதற்குத் தனிக் கட்டணத்தோடு. நோட்டைப் புரட்டினால் இந்த முறையில் கிடைத்த லாபம் முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களிலிருந்து வந்திருக்கிறது. அந்த நாட்களில் பத்து மணிக்கே சின்ன லாபத்தோடு எழுந்து டீ குடிக்கப் போனவருக்கு, மிச்ச நாட்களின் நஷ்டம் மட்டுமே கையில் நிற்கும்.

அடிபட்ட பங்கு திரும்பும் என்று வாங்குவது இன்னொரு வகை. வைல்டரின் அதே புத்தகத்தில் வந்த ஆர்எஸ்ஐ என்ற அளவை 30-க்குக் கீழே போனால் அளவுக்கு மீறி விற்கப்பட்டுவிட்டது என்று வாங்குவார்கள். சந்தை அமைதியாக மேலும் கீழும் போகும் காலத்தில் இது சரியாகவே வரும். உண்மையான வீழ்ச்சியில் ஆர்எஸ்ஐ வாரக்கணக்கில் 30-க்குக் கீழேயே கிடக்கும். 2020 ஜனவரியில் 12,400-ஐத் தொட்ட நிஃப்டி குறியீடு, மார்ச் 23-ஆம் தேதி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-ல் முடிந்தது. வழியெல்லாம் 'அளவுக்கு மீறி விற்கப்பட்ட' பங்குகளை வாங்கியவர்கள் படிப்படியாக இறங்கினார்கள். நீண்ட காலக் கோடு மேல்நோக்கி இருக்கும் பங்கில் மட்டும், ஸ்டாப்லாஸோடு மட்டும் இதைச் செய்யலாம்.

செய்தியை வைத்துச் செய்யும் வர்த்தகத்தில் தனிநபருக்கு முன்னிலை கிடையாது. காலாண்டு முடிவு வெளியான நொடியிலேயே இயந்திரங்கள் ஆர்டர் போட்டுவிடுகின்றன. டிவிடெண்டுக்காக முந்தின நாள் வாங்குவது வீண் வேலை. தேதி கடந்ததும் அந்த அளவுக்கு விலையும் இறங்கிவிடும், கிடைத்த டிவிடெண்டுக்கு வரி வேறு.

இன்ட்ராடேவில் முதலில் விற்பதை ஷார்ட் அடிப்பது என்பார்கள். இறங்கும் சந்தையில் இது நியாயமான தொழில். ஆனால் சின்னப் பங்குகளில் ஷார்ட் அடிப்பது கிணற்றுக்குள் குதிப்பது. எஃப் அண்ட் ஓவில் இல்லாத பங்குகளுக்கு 2, 5, 10, 20 சதவீத சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை அதைத் தாண்டி அசைய முடியாத எல்லை, உண்டு. இதை எழுதுபவர் ஒரு தடவை 205-ல் முடிந்த பங்கை மறுநாள் 212-ல் 300 ஷார்ட் செய்தார். பதினொரு மணிக்கு அது 10 சதவீத உச்சமான 225.50-ல் பூட்டிக்கொண்டது. வாங்க ஆயிரம் பேர், விற்க ஒருவருமில்லை. மூன்றரை மணி வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். கொடுக்க வேண்டிய பங்கு கையில் இல்லாததால் சந்தை ஏலத்தில் வாங்கிக் கொடுத்தது, 246-க்கு. 10,200 ரூபாய் நஷ்டம், அபராதம் தனி. பிடிஎஸ்டியிலும் இதன் மறுபக்கம் உண்டு: நமக்கு விற்றவர் பங்கைக் கொடுக்கத் தவறினால், நாம் மறுநாள் விற்றதும் ஏலத்துக்குப் போகும்.

ஸ்டாப்லாஸ் என்பது மனதில் வைத்துக்கொள்ளும் எண்ணாக இருந்தால் அது ஸ்டாப்லாஸ் அல்ல. அந்த விலை வரும்போது மனம் புதுக் காரணம் கண்டுபிடிக்கும். வாங்கிய கையோடு ஆர்டராகப் போட்டுவிட வேண்டும். போடுவதிலும் இரு வகை. குறித்த விலை தொட்டதும் கிடைத்த விலைக்கு விற்பது ஒன்று. குறித்த எல்லைக்குக் கீழே விற்காதே என்று கட்டுப்படுத்துவது மற்றொன்று. வேகமாக விழும் சந்தையில் இரண்டாவது வகை ஆர்டர் விலை தாண்டிப் போனபின் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். சந்தைக்குப் போடும் ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்று மாலையோடு ரத்தாகிவிடும் என்பதால், ஸ்விங் வர்த்தகருக்குப் புரோக்கர் செயலியில் உள்ள நீடித்த ஆர்டர் வசதி தேவை.

அதையும் மீறிய ஆபத்து இரவில் இருக்கிறது. சிமென்ட் பங்கு வைத்திருந்த அதே மாதத்தில் ஒரு இன்ஜினியரிங் பங்கு 640-ல் வாங்கப்பட்டது. ஸ்டாப்லாஸ் 608, அளவு 90. சந்தை முடிந்தபின் காலாண்டு முடிவு வந்தது. 632-ல் முடிந்த பங்கு மறுநாள் 566-ல் திறந்தது. 608 என்ற விலையே சந்தையில் வரவில்லை. 2,900 ரூபாய்க்குத் திட்டமிட்ட நஷ்டம் 6,660 ஆனது. இரண்டு வர்த்தகத்தையும் கூட்டி, செலவைக் கழித்தால் அந்த மாத உழைப்புக்குக் கூலி முந்நூறு ரூபாய்க்கும் குறைவு. முடிவு வரும் தேதி சந்தையின் இணையதளத்தில் பல நாள் முன்பே இருந்தது; பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வாங்கும் முன் முடிவுத் தேதியைப் பார்ப்பது நோட்டில் முதல் கட்டமாயிற்று. சந்தை முழுவதற்கும் இப்படி நடப்பதுண்டு. 2024 ஜூன் 3-ஆம் தேதி தேர்தல் கருத்துக்கணிப்பை நம்பி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறிய நிஃப்டி, மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் ஏறக்குறைய ஆறு சதவீதம் விழுந்தது. இயந்திரமும் சில நாள் நின்றுபோகும்: 2021 பிப்ரவரி 24-ல் தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் 11:40-க்கு நின்று, மாலை 3:45-க்குத்தான் திரும்பத் தொடங்கியது. இந்த இரண்டு வகை நாளுக்கும் ஸ்டாப்லாஸ் காவல் அல்ல; வாங்கிய அளவு மட்டுமே காவல்.

விலை இறங்க இறங்க மேலும் வாங்கி ஆவரேஜ் செய்வது முதலீட்டாளருக்குச் சில சமயம் சரிவரும். குறுகிய கால வர்த்தகத்தில் அது ஒரு சதவீத ஆபத்தை இரண்டாக, நான்காக ஆக்கும் வழி. இன்ட்ராடேவுக்கு வாங்கி நஷ்டத்தில் இருந்ததை மூன்று மணிக்கு டெலிவரியாக மாற்றிவிட்டு, 'நல்ல கம்பெனிதானே' என்று சொல்லிக்கொள்வது இதன் தம்பி. பலருடைய டிமேட் கணக்கில் நீண்ட கால முதலீடு என்று கிடப்பவை இப்படி மாறியவைதான்.

ஆப்ஷன்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வாங்கிய ஆப்ஷனின் மதிப்பு ஐஸ் கட்டி மாதிரி நாளாக நாளாகக் கரையும். திசை சரியாக இருந்தாலும் நேரம் தவறினால் நஷ்டம். விற்பவருக்கு அந்தக் கரைவே லாபம், ஆனால் ஒரு பெரிய அசைவில் பல மாத வரும்படி போகும். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினருக்கு நஷ்டம். சராசரியாகத் தலைக்கு 2 லட்ச ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அதைத் தொடர்ந்து அந்த நவம்பரிலிருந்து ஒவ்வொரு சந்தைக்கும் ஒரே ஒரு குறியீட்டில் மட்டும் வாராந்திர ஆப்ஷன் என்றும், குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்த மதிப்பு 15 லட்சம் என்றும் ஆனது. பங்கில் இரண்டு வருடம் ஒழுங்காக நோட்டு எழுதாதவருக்கு இங்கே வேலையில்லை.

எந்தப் பங்கில் செய்வது என்பதற்கு எஃப் அண்ட் ஓ பட்டியலில் உள்ள ஏறத்தாழ 200 பங்குகளே போதும். அவற்றில் ஆள் நடமாட்டம் அதிகம், வாங்கும் விற்கும் விலைக்கு இடைவெளி குறைவு, நிலையான சர்க்யூட் கிடையாது. டெலிகிராமில் டிப்ஸாக வரும் பத்து ரூபாய், இருபது ரூபாய்ப் பங்குகளில் இவை எதுவும் இல்லை. அங்கே முதலில் வாங்கி வைத்திருப்பவர் ஆபரேட்டர். டிப் போவது அவர் விற்பதற்கு ஆள் சேர்க்க. தினமும் மேல் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்வதால் வாங்க முடியாத பங்கு, என்றைக்கு எளிதாக வாங்கக் கிடைக்கிறதோ அன்றைக்கு அவர் விற்று முடித்துக்கொண்டிருக்கிறார்.

நோட்டு எழுதுவது தொழிலின் பாதி. தேதி, பங்கு, எந்த முறை, வாங்கிய விலை, வெளியேற முடிவு செய்த விலை, உண்மையில் வெளியேறிய விலை, செலவு, ஒரு வரி காரணம். லாபத் தொகையைவிட, முடிவு செய்த விலைக்கும் வெளியேறிய விலைக்கும் உள்ள வித்தியாசம் அதிகம் பேசும். ஐம்பது வர்த்தகம் சேர்ந்ததும் முறைவாரியாகக் கூட்டினால், மூன்று முறைகளில் ஒன்று மற்ற இரண்டின் நஷ்டத்தைச் சுமந்துகொண்டிருப்பது தெரியும். இதை எழுதுபவர் இன்ட்ராடேவை விட்டு ஸ்விங்குக்கு மாறியது அப்படி ஒரு கூட்டலுக்குப் பிறகுதான்.

வரிக் கணக்கில் இந்த வகைகள் தனித்தனி. பன்னிரண்டு மாதத்துக்குள் விற்ற டெலிவரிப் பங்கின் லாபம் குறுகிய கால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு 20 சதவீதம், அதற்கு முன் 15. இன்ட்ராடே லாபம் ஊக வணிக வருமானமாகக் கருதப்பட்டு, மற்ற வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி விகிதத்துக்குள் வரும். அதன் நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டுமே கழிக்கலாம், நான்கு ஆண்டு வரை கொண்டுபோகலாம். எஃப் அண்ட் ஓ சாதாரண வணிக வருமானம். நஷ்டத்தை எட்டு ஆண்டு கொண்டுபோகலாம். கொண்டுபோக வேண்டுமானால் அந்த ஆண்டுக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். சம்பாதித்தால்தானே கணக்கு காட்ட வேண்டும், நஷ்டத்துக்கு என்ன கணக்கு என்று விட்டுவிடுபவர்களே அதிகம்; நல்ல வருடம் ஒன்று வரும்போது, கழித்துக்கொள்ளப் பழைய நஷ்டம் ஏட்டில் இருக்காது.